கயிறு தின்ற தண்ணீர்

அந்த வீட்டுக் கிணற்றில் அண்ணன் பக்கத்துத் தண்ணீர் தம்பி பக்கத்துத் தண்ணீரைவிட ஒரு முழம் தாழ்ந்து நின்றது. நடுவில் சுவர் இல்லை, தடுப்பு இல்லை. பாகப் பிரிவினைக்கு மறுநாளிலிருந்து அப்படித்தான். தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த அண்ணன் தம்பி பிரிந்த பிறகு இரண்டு அடுப்படிப் புகையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகத்தான் கூரை தாண்டிப் போனது. தண்ணீருக்கு மட்டும் ரோஷம் வரக் கூடாதா என்று விட்டுவிட்டார்கள். விடை தெரியாத கேள்வி வேறொன்று இருந்தது. அது அவர்கள் தங்கையுடையது. இவ்வளவு தண்ணீர் கிடக்கிற கிணற்றிலிருந்து ஒரு வாளி தெளிந்த நீர் எடுப்பது எப்படி?

தங்கை பின்னறையில் நூலுக்குச் சாயம் போடுகிறவள். தெருவில் சாயக்காரி என்பார்கள். சாயத் தொழிலில் தண்ணீர்தான் முதல் சரக்கு. சேறு என்பதும் ஒரு சாயமே. தண்ணீரில் அது இருந்தால், வாங்கிப் போட்ட சாயத்துக்கு முன்பாக ஓடிப் போய் நூலைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு இதைப் பொறுத்துப்போகும். கருஞ்சிவப்பு முகத்தைச் சுளித்துக்கொண்டாவது பொறுத்துப்போகும். மஞ்சள் பொறுக்காது. கொஞ்ச நாளாக அவள் போட்ட மஞ்சளெல்லாம் தேரை நிறத்தில் வந்தது. நெசவுக்காரர்கள் கொண்டு போன நூலைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன்மார் அவளைப் பின்னறையில் இருக்கவிட்டதே, அடுப்பில் சாயப் பானை ஏறுகிற வரைக்கும் என்ற பேச்சில்தான். பானை இறங்கினால் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே சித்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். சம்பளமில்லாமல் தூக்கிப் புரட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு யார் பெயரைச் சொல்லி வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் ஓய்வுபெற்ற சர்வேயர். சாப்பிடப் போனால் மேசையின் நாலு மூலையும் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சின்னவர் தையல்காரர். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து அளந்து, உலகத்தில் எல்லோருக்கும் தன்னைவிட ஒரு விரற்கடை அதிகமாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தவர். இப்படி இரண்டு அளவுக்காரர்கள் ஒரு வீட்டைப் பங்கு போட்டால் என்ன ஆகும்? படிக்கட்டைப் பிரித்தார்கள். வாசல் நிழலைப் பிரித்தார்கள். அது பொழுதுக்குப் பொழுது நகர்ந்ததால் பிறகு கைவிட்டார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல், குறுக்காக, நட்டநடுவில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துக் கட்டி, பெரியவர் இந்தப் பக்கம் நின்று சுண்ணாம்பால் தன் எல்லையைத் தீட்டினார், சின்னவர் அந்தப் பக்கம் நின்று தன் எல்லையைத் தீட்டினார். ஒருவர் தீட்டுவதை மற்றவர் குனிந்து பார்த்தார். கயிறு ஒரு மயிரிழை இப்படி வந்தது, அப்படிப் போனது என்று அன்று சாயங்காலம்வரை சண்டை. தங்கைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டபோது இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: “அவளுக்கென்ன, ஒண்டிக்கட்டை. யார் பக்கமாவது இறைச்சுக்கட்டும்.”

பக்கத்துக்கு ஒரு கப்பி மாட்டினார்கள். கிணறு நியாயத்துக்குக் கட்டுப்பட்டது. மறுநாள் காலையில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, அவரவர் இறைத்ததற்கு ஏற்ப ஏறவும் இறங்கவும் தொடங்கியது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கண்ணாடி விளிம்புபோல ஒரு மினுக்கு தெரிந்தது. அதுதான் எல்லைக்கோடு என்று பெரியவர் விளக்கினார். தன் எல்லைக்கோடுகள் இவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

இனி தூர் விஷயம். கிணறு என்பது தண்ணீர் ஊற்றி வைத்த பானை இல்லை. பூமியில் ஆழமாகப் போட்ட ஒரு காயம் அது. காயத்தில் நீர் கசிவதுபோல ஊற்றுக்கண்களிலிருந்து தண்ணீர் கசிந்து சேர்கிறது. கல் இடுக்குகளிலிருந்து மண் உதிரும், காற்றில் தூசி வரும், இலை விழும், பாத்திரம் தேய்த்த சாம்பல் போகும். எல்லாம் அடியில் உட்கார்ந்து இறுகும். காயத்துக்குப் பொருக்குத் தட்டுவதுபோல ஊற்றுக்கண்ணை அடைக்கும். பொருக்கை நோண்டக் கூடாது என்பார்கள். கிணற்றில் நோண்டத்தான் வேண்டும். கொஞ்ச வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை இறைத்துவிட்டு, ஆள் இறங்கி, சேற்றை வாரி மேலே அனுப்பினால்தான் கிணறு கிணறாக இருக்கும். அந்த வீட்டில் அப்பா இறந்த பிறகு யாரும் தூர் வாரவில்லை. நான் வாரினால் அவனுக்கும் ஊறுமே என்று பெரியவர் நினைத்தார். அவர் வாரட்டும், நமக்கும் ஊறும் என்று சின்னவர் நினைத்தார். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் போய், சேற்றில் குத்துகிற சத்தம் வர ஆரம்பித்தது. மேலாக நின்ற தண்ணீரும் ஒவ்வொரு வாளிக்கும் கலங்கி எழுந்து, தெளிவதற்குள் அடுத்த வாளி விழுந்தது.

ஒரு கோடையில் பெரியவருக்குத்தான் முதலில் உறைத்தது. தண்ணீரே சொன்ன பேச்சைக் கேட்டுப் பிரிந்து நிற்கிறது, தூர் கேட்காதா? தன் பாதியை மட்டும் தூர் வார ஆள் கூட்டிவந்தார். வந்தவர் பெருவாய்க்காரர், ஊரில் உள்ள கிணறுகளையெல்லாம் அடியிலிருந்து பார்த்தவர் என்பதால் மேலே இருக்கிற யாரையும் மதிக்க மாட்டார். முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினார். விளக்கு அணைந்தால் அடியில் மூச்சுக்குக் காற்றில்லை என்று அர்த்தம். அணையவில்லை. மோட்டாரை வைத்துப் பெரியவரின் பாதித் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளினார்கள். பாதிக் கிணறு காலியானது. மற்ற பாதித் தண்ணீர், கத்தியால் வெட்டி வைத்ததுபோல, உச்சிமுதல் அடிவரை நேராக நின்றது.

தூர்க்காரர் இடுப்பில் கயிற்றுடன் இறங்கினார். அவர் தோளுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சுவர். அதற்குள் கெண்டை மீன்கள் நின்று அவரைப் பார்த்தன.

“அண்ணே, பயமா இல்லையா?” என்று மேலிருந்து தங்கை கத்தினாள்.

“எதுக்குப் பயம்? தண்ணிக்கு இருக்கிற ஒழுங்கு உங்க வீட்டு ஆளுங்களுக்கு இல்ல. வாளியை விடு!” என்று அடியிலிருந்து பதில் வந்தது.

மண்வெட்டியால் வெட்டிய தூரும் எல்லையில் வந்ததும் பலகைபோல நறுக்கென்று நின்றது. வாளி வாளியாகக் கறுத்த சேறு மேலே வந்தது. கரண்டி வந்தது, சீப்பு வந்தது, யாரையோ திட்டிவிட்டு யாரோ தூக்கி எறிந்த சாவி வந்தது. கடைசியில் அப்பா காலத்தில் விழுந்த பித்தளைக் குடம் வந்தது. அதாவது அதில் ஒரு பக்கம் வந்தது. குடம் எல்லையின் குறுக்கே கிடந்திருக்க வேண்டும். வாயிலிருந்து அடிவரை ஒரே நேராக அறுபட்டிருந்தது. பெரிய அண்ணி அதைப் புளிபோட்டு விளக்கி, அறுபட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தாள். முன்னால் நின்று பார்த்தால் முழுக்குடம்தான்.

பெரியவர் பக்கம் தண்ணீர் பளிங்குபோல ஊறியது. தங்கை வாளியோடு போனாள். பெரியவர் கப்பிமேல் கை வைத்தார்.

“தூர் வாரினது யாரு?”

“நீங்கதான் பெரியண்ணே.”

“அப்போ தண்ணி யாருக்கு? போ, அவன் பக்கம் போய் இறை. அங்கதான் சாயம் ரெடியாவே கிடக்குதே.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு நகைச்சுவை வருவது அபூர்வம்; வந்தால் வீட்டில் யாருக்காவது ஒரு வேளைச் சோறு இறங்காது.

அண்ணன் பக்கம் பளிங்கு, தன் பக்கம் சேறு என்பதைத் தையல்காரரால் எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கடையில் ஒருவர் சட்டைக்குக் கை வைக்காமலே தைத்துக் கொடுத்த அன்று அவருக்கே தன் நிலை புரிந்தது. அதே தூர்க்காரரைக் கூப்பிட்டு, “அவர் பக்கத்தைவிட ஒரு சாண் கூடத் தோண்டணும்” என்றார். குடத்தின் மறுபக்கம் வந்தது. சின்ன அண்ணியும் அதைப் புளிபோட்டு விளக்கி, சுவரைப் பார்க்க வைத்தாள். சின்னவர் பக்கமும் தண்ணீர் தெளிந்தது. அன்றே அவரும் கப்பிமேல் கை வைத்தார். “பெரியண்ணனே விடல, நான் விட்டா நாளைக்கு என்னை இளிச்சவாயன்னு சொல்லுவார்” என்பது அவர் தரப்பு நியாயம். இப்படியாகக் கிணறு முழுக்கத் தெளிந்த நீர் நின்றபோது தங்கைக்கு ஒரு சொட்டு இல்லாமல் போனது. தெருக்கோடிக் குழாயில் குடிக்க மட்டும் பிடித்துவந்தாள். சாயப் பானை கவிழ்ந்து கிடந்தது. சித்தப்பா வீட்டுக்குச் செய்தி போனது. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாகப் பதில் வந்தது.

அந்த வாரத்தில்தான் அண்ணிமார் இரண்டு பேருக்கும் யாருடைய குடம் பெரிது என்ற சண்டை வந்தது. என் பக்கம்தான் வயிறு பருத்தது என்றாள் பெரியவள். உன் கண்ணுதான் பருத்தது என்றாள் சின்னவள். முற்றத்துக்குக் கொண்டுவந்து இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். குடம் சேரவில்லை. விளிம்புக்கு விளிம்பு ஒட்டியது. ஆனால் வட்டமாக இருக்க வேண்டிய வாய், இரண்டு பக்கமும் கூர்ந்து, கண்ணைப்போல நீண்டு கிடந்தது. “நடுவுல அறுத்து எடுத்துட்டாங்க!” என்று ஒரே குரலில் இரண்டு பேரும் எதிராளியைக் காட்டினார்கள். அண்ணன்மார் ஓடிவந்தார்கள். சர்வேயர் கண்ணாடியைத் துடைத்தார். தையல்காரர் நாடாவை எடுத்தார். யார் திருடியது என்பதைப் பற்றி அவர்கள் பேசியதை எழுதினால் காகிதம் கறுக்கும்.

தங்கை உட்கார்ந்து, இரண்டு துண்டுகளையும் மெல்ல விலக்கிக்கொண்டே போனாள். வாய் எப்போது சரியான வட்டமாகிறது என்று பார்த்தாள். வட்டமானபோது, நடுவே இருந்த இடைவெளியில் தன் கட்டைவிரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. அவள் எழுந்து கிணற்றடிக்குப் போய்ச் சுவர்மேல் இருந்த இரண்டு சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தாள். பெரியவர் கயிற்றின் இந்த விளிம்பில் தீட்டியிருந்தார், சின்னவர் அந்த விளிம்பில் தீட்டியிருந்தார். இரண்டுக்கும் நடுவே, கட்டைவிரல் கனத்துக்கு, கயிறு கிடந்த இடம். வெள்ளை அடிக்காத இடம். இரண்டு பேரில் ஒருவரும் கேட்காத இடம்.

நூலில் ஒரு திருகாணியைக் கட்டி அந்த இடைவெளியில் நேராக விட்டாள். கையளவு நூல் இறங்கியதுமே நனைந்தது. எல்லைக்கோடு என்று இத்தனை வருஷம் எல்லோரும் பார்த்த மினுக்கு, அப்பா காலத்து மட்டத்தில், கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே தொடங்கி அடிவரைக்கும் நின்ற ஒரு தண்ணீர்த் தகடு. மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தகட்டின் விளிம்புதான் தெரியும், உயரம் தெரியாது. யாரும் இறைக்காததால் அது வற்றவில்லை. யாரும் கலக்காததால் கலங்கவும் இல்லை.

தகரம் அடிக்கிறவரிடம் போனாள். ஒரு முழம் அகலம், ஒரு முழம் உயரம், கனம் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வாளி வேண்டும் என்றாள்.

“வாளியா, சிலேட்டா?” என்றார் அவர்.

“தண்ணி நிக்கிற சிலேட்டு.”

“உங்க வீட்டுல ஒருத்தருக்காவது புத்தி இருக்கும்னு நெனச்சேன்மா. பரவாயில்ல, கொண்டுபோ.”

ஒற்றைக் கயிற்றில் கட்டினால் வாளி திரும்பிக்கொண்டு அண்ணன் பக்கம் முட்டியது. இரண்டு மூலையிலும் இரண்டு கயிறு கட்டினாள். இரண்டு கயிறு பிடித்த பொருள் முறுக்கிக்கொள்ளாது. வாளி தகட்டுக்குள் நேராக இறங்கி, நிறைந்து, மேலே வந்தது. அன்றைக்கு அடுப்பு எரிந்தது. மஞ்சள், மஞ்சளாகவே வந்தது.

சர்வேயர் வந்துவிட்டார். பின்னாலேயே தையல்காரரும். பிரிவினைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அன்றுதான்.

“அது யாரு தண்ணி?” என்றார் பெரியவர்.

“உங்களுதா அண்ணே?”

“என்னுதுன்னு வை.”

“அப்போ நீங்க தீட்டின கோடு தப்பு. கயிறு பூரா உங்க பக்கம் வரணும், நீங்கதான் உள்ள தள்ளித் தீட்டிட்டீங்க. சர்வேயர் அளந்தது தப்புன்னு தெருவுல சொல்லிடுங்க, நான் வாளியைக் கொடுத்துடறேன்.”

பெரியவர் ஒற்றைக் கண்ணை மூடித் தன் கோட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் ஊரார் வேலியையெல்லாம் பிடுங்கி நட்டவர். கோட்டைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“சரி, என்னுது” என்றார் சின்னவர் அவசரமாக.

“சரி சின்னண்ணே. அப்போ உங்க கோடு தப்பு. தையல்காரருக்குக் கட்டைவிரல் கனம் கண்ணுல படலன்னு கடை வாசல்ல எழுதிப் போட்டுடுங்க.”

சின்னவர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அவரவர் வாசல் வழியாக உள்ளே போனார்கள். தண்ணீரை இழக்கத் துணிவார்கள், தங்கையை இழக்கவும் துணிவார்கள். அளவை இழக்கச் சொன்னால் எப்படி?

ஆனால் தகட்டின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. இறைத்தது இறைத்தபடி, ஊறியது ஒன்றுமில்லை. கட்டைவிரல் கனத்துக்கு அடியிலும் தூர் இருந்தது. இரண்டு பக்கமும் வாரிவிட்டதால், அது மட்டும் சுவர்போல எழும்பி நின்று, தனக்குக் கீழே இருந்த ஊற்றை அடைத்திருந்தது. அண்ணன்மார் இதைத் தினமும் எட்டிப் பார்த்து, பசித்தவன் அடுத்த இலையைப் பார்ப்பதுபோலக் கணக்கு வைத்தார்கள். “வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது” என்று பெரியவர் சுவரிடம் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “தாங்காது” என்று பதில் வந்தது.

தங்கை தூர்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்து வெற்றிலை துப்புவதுபோல எதையோ துப்பினார், வாயில் ஒன்றுமில்லை.

“இதுக்குள்ள நான் எறங்கணும்னா என்னைத் தகரக்காரர்கிட்ட கொடுத்துத் தட்டித் தகடாக்கிக் கொண்டா தாயி.”

“மண்வெட்டி போகாதா?”

“போகும். மண்ணை யாரு தூக்குறது? உங்கண்ணன் மூளையைவிட ஒல்லியா ஒரு ஆளைத் தேடு, கிடைச்சா அவனே எறங்கிக்குவான்.”

தட்டை வாளியையே சேற்றில் குத்திப் பார்த்தாள். வாய் மேலே இருக்கிற வாளி சேற்றில் குத்தாது. அடி தட்டி நின்றுவிடும். அடியை வெட்டிவிட்டுக் குத்தினாள். சேறு உள்ளே ஏறியது, தூக்கும்போது அப்படியே நழுவிக் கீழே போனது. ஏறுகிற வழியே இறங்குகிற வழியாகவும் இருந்தால் எதுவும் தங்காது. ஏறும்போது திறக்க வேண்டும், இறங்கப் பார்த்தால் மூட வேண்டும். அப்படி ஒரு கதவு மண்ணெண்ணெய் உறிஞ்சுகிற கைப்பம்பில் இருப்பதைத் தகரக்காரர் காட்டினார்: ஒரு துண்டுத் தோல், ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்தது. கீழிருந்து தள்ளினால் மேல்நோக்கித் திறக்கும், மேலிருந்து அழுத்தினால் தானே மூடிக்கொள்ளும். காவல்காரன் வேண்டாம், உள்ளே வந்த பாரமே காவல். அதையே நீளவாக்கில் வெட்டி வாளியின் அடியில் தைத்தார்கள். வேகமாக விழ இரண்டு விளிம்பிலும் பட்டை இரும்பு வைத்தார்கள்.

வாளி விழுந்தது. தோல் திறந்தது, சேறு ஏறியது. தூக்கினாள். தோல் மூடியது, சேறு நின்றது. கறுத்து, இறுகி, பலகைபோல வெளியே வந்தது. மறுபடி விட்டாள். அடுத்த நாளும் விட்டாள். குடத்தின் நடுத்துண்டு வாய் திறந்த ஒரு பித்தளை வளையமாக வந்தது. அதைக் கழுவி நூல் காயப்போடும் கொக்கியாக மாட்டினாள். வெள்ளிக்கிழமை வண்டி வந்து வாசலில் ஒலி எழுப்பியபோது வாளி கெட்டியான எதையோ முட்டியது, மணல் வந்தது. மணலுக்குப் பின்னால் தண்ணீர், கீழிருந்து தள்ளிக்கொண்டு, தன் மட்டத்தைத் தேடி ஏறியது. வண்டிக்காரர் ஒரு செம்பு வாங்கிக் குடித்தார். “நல்லா இருக்கும்மா, சாமான் எங்க?” என்றார். “போகலண்ணே. பானை அடுப்புல இருக்கு” என்றாள். அவர் வெறும் வண்டியோடு போனார்.

அண்ணன்மார் தெருவில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கிணற்றில் இப்போது தண்ணீர் மூன்று மட்டத்தில் நிற்கிறது. மஞ்சள் நூல் கேட்டு வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நடுத் தண்ணீரை எப்படி இறைக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்குச் சாயக்காரி சொல்வது இவ்வளவுதான்: வாளி ஒரு முழம் அகலம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் ஒல்லி. இரண்டு மூலையிலும் கயிறு. அடியில் ஒரு பக்கம் மட்டும் தைத்த தோல். நேராக விட வேண்டும், சாய்த்தால் வராது.